பற்றிக்கொள்ளும் மூலக்கூறுகள்

சென்ற அத்தியாயத்தில் மகரந்தமும் வேர்க்கடலையும் தூசியில் வாழும் சிற்றுண்ணிகளும் தரும் ஒவ்வாமையைப் பார்த்தோம். அங்கெல்லாம் உடல் எதிர்த்தது ஏதோ ஒரு புரதத்தை. ஆயிரக்கணக்கான அணுக்கள் சேர்ந்த பெரிய உருவத்தை. இந்த அத்தியாயத்தில் வருபவை மிகச் சிறியவை. சில பத்து அணுக்களுக்குள் முடிந்துவிடும் மூலக்கூறுகள். ஒரு தாளில் பேனாவால் அவற்றின் முழு அமைப்பையும் வரைந்துவிடலாம். அப்படி வரைந்த படத்தை மட்டும் பார்த்து, இது தோலில் பட்டால் தடிக்குமா, மூச்சில் போனால் இளைப்பு வருமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? எண்பது தொண்ணூறு ஆண்டுகளாக வேதியியலாளர்கள் துரத்திவரும் கேள்வி இது. தோலைப் பொறுத்தவரை பெருமளவுக்கு முடியும். மூச்சுக்குழாயைப் பொறுத்தவரை பாதி வழி வந்திருக்கிறோம்.

மலையடிவாரத்தில் நான்கு பொருள்கள்

ராசிபுரத்திலிருந்து நாமகிரிப்பேட்டை வழியாகக் கிழக்கே போனால், கொல்லிமலையின் அடிவாரத்தில் முள்ளுக்குறிச்சி. மலைக்கு ஏறும் சாலைகளில் ஒன்று இங்கிருந்து தொடங்குகிறது. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளோடு ஏறும் பழைய சாலையைத் தமிழ்நாடே அறியும். முள்ளுக்குறிச்சி வழி அதற்குப் பின் வந்தது. வயல்களில் மரவள்ளியும் மஞ்சளும். நாமகிரிப்பேட்டை மஞ்சள் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். மாவட்டத் தலைநகரான நாமக்கல்லோ லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளால் இந்தியா முழுதும் அறியப்பட்டது.

இந்த வட்டாரத்திலேயே நமக்கு வேண்டிய நான்கு பொருள்கள் இருக்கின்றன. சாலையோரம் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியம். மலைச்சரிவுக் காடுகளில் வளரும் சேராங்கொட்டை. வயலில் விளையும் மஞ்சள். லாரிக்கு அடிக்கும் பாலியூரிதேன் பெயிண்டில் கடைசியாகக் கலக்கும் ஹார்ட்னர். முதல் இரண்டும் தோலைத் தாக்குபவை. நான்காவது மூச்சைத் தாக்குவது. மூன்றாவதை நம் வீட்டில் தினமும் தொடுகிறோம், உண்கிறோம், பூசிக் குளிக்கிறோம். ஆனாலும் அதன் மூலக்கூறுப் படத்தைப் பார்க்கும் கணினி எச்சரிக்கை மணி அடிக்கிறது. நான்கும் நான்கு பாடங்கள்.

சிறியது எப்படிப் பகையாகிறது

நம் நோயெதிர்ப்பு அமைப்பு சிறு மூலக்கூறுகளைத் தனியாக அடையாளம் காண்பதில்லை. அது பார்ப்பது புரதங்களையும் அவற்றின் துண்டுகளையும். அப்படியானால் சில பத்து அணுக்கள் கொண்ட ஒரு சேர்மம் எப்படி அதன் கண்ணில் படுகிறது? நம் உடலின் சொந்தப் புரதம் ஒன்றோடு வேதிப்பிணைப்பால் ஒட்டிக்கொள்வதன் மூலம்தான். கொல்லையில் நடந்துவிட்டு வந்தால் வேட்டிக் கரையில் நாயுருவி விதை ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அப்படி. ஒட்டியது சிறிதுதான், ஆனால் ஒட்டியபின் அந்தப் புரதம் பழைய புரதமாக இல்லை. உடல் அதை அந்நியமாகக் கருதுகிறது. இவ்வாறு ஒட்டிக்கொண்டு ஒவ்வாமையைத் தூண்டும் சிறு மூலக்கூறுக்கு ஹாப்டன் என்று பெயர்.

இதைச் சோதனையில் நிறுவியவர் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர். மனித இரத்த வகைகளைக் கண்டுபிடித்ததற்காக 1930இல் நோபல் பரிசு பெற்றவர். 1935இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில் ஜான் ஜேக்கப்ஸ் என்பவரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ஆய்வுதான் இந்தத் துறையின் தொடக்கம். பென்சீன் வளையத்தில் குளோரினும் நைட்ரோ தொகுதியும் வெவ்வேறு இடங்களில் அமைந்த சேர்மங்களை எடுத்துக்கொண்டார்கள். ஒருபுறம் அவற்றைக் கினிப்பன்றிகளின் தோலில் செலுத்தினார்கள். மறுபுறம் அதே சேர்மங்களைக் குடுவையில் அனிலினோடு சேர்த்து வினை நடக்கிறதா என்று பார்த்தார்கள். குடுவையில் வினைபுரிந்தவை விலங்கிலும் ஒவ்வாமையைத் தூண்டின. குடுவையில் சும்மா கிடந்தவை விலங்கிலும் சும்மா கிடந்தன.

இதன் பொருள் பெரிது. ஒரு பொருள் ஒவ்வாமை தருமா என்பதை உயிருள்ள உடலுக்குள் மட்டும்தான் அறிய முடியும் என்றில்லை. அதன் வேதிவினைத் திறனிலேயே பதில் இருக்கிறது. வினைத்திறனோ மூலக்கூறின் அமைப்பிலிருந்து வருகிறது.

புரதங்களில் எலக்ட்ரான் மிகுந்த இடங்கள் சில உண்டு. சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தின் கந்தக அணு ஒன்று. லைசினின் நைட்ரஜன் அணு இன்னொன்று. வெளியிலிருந்து வரும் மூலக்கூறில் எலக்ட்ரான் குறைந்த முனை ஒன்று இருந்தால், அது இந்த இடங்களை நாடிப் பிணைகிறது. லாண்ட்ஸ்டெய்னரின் சேர்மங்களில் நடந்ததும் இதுதான். வளையத்தில் உள்ள இரண்டு நைட்ரோ தொகுதிகள் எலக்ட்ரான்களைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ள, குளோரினைப் பிடித்திருக்கும் கார்பன் வறியதாகிறது. புரதம் அந்தக் கார்பனைத் தாக்க, குளோரின் கழன்று விழுகிறது, மூலக்கூறு புரதத்தில் நிலைத்துவிடுகிறது.

பார்த்தீனியத்தின் இரண்டு முனைகள்

பார்த்தீனியம் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1950களின் நடுவில் புனேயில் கவனிக்கப்பட்டது. பி.எல். 480 என்னும் உணவு உதவித் திட்டத்தில் வந்த அமெரிக்கக் கோதுமையோடு விதை கலந்து வந்தது என்பது பரவலான கருத்து. இருபது ஆண்டுகளுக்குள் அது ஒரு மருத்துவப் பிரச்சினையாகிவிட்டது. 1974இல் லோன்கர், மிட்செல், கால்னன் ஆகிய மூவரும் இச்செடியால் வரும் தொடுதோலழற்சியை விரிவாகப் பதிவு செய்தார்கள். இன்று தமிழ்நாட்டில் பார்த்தீனியம் இல்லாத சாலையோரத்தைக் காண்பது அரிது. இந்தியத் தோல் மருத்துவர்கள், பொருள்களைத் தோலில் ஒட்டிவைத்துப் பார்க்கும் ஒட்டுச் சோதனைக்குப் பயன்படுத்தும் நிலையான பட்டியலில் பார்த்தீனியமும் ஒன்றாக இடம்பெற்றிருக்கிறது.

நோயாளி பெரும்பாலும் உழவர் அல்லது வயல் கூலியாள். முகம், இமைகள், கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் தோல் சிவந்து, நமைத்து, நாளடைவில் தடித்துக் கறுக்கிறது. செடியைப் பிடுங்கினால்தான் வரும் என்பதில்லை. காய்ந்த செடியின் தூள் காற்றில் பறந்து படிந்தாலே போதும். வெயிலால் வந்தது என்று பலர் நினைத்து ஆண்டுக்கணக்கில் அலைகிறார்கள். வெயில் எட்டாத இமையும் மோவாயின் அடிப்பகுதியும் பாதிக்கப்பட்டிருப்பதைக் கவனிக்கும் மருத்துவர் வித்தியாசத்தைப் பிடித்துவிடுவார்.

செடியின் நுண்மயிர்களில் உள்ள பார்த்தீனின் என்னும் சேர்மம்தான் முதன்மைக் காரணம். பதினைந்து கார்பன், பதினெட்டு ஹைட்ரஜன், நான்கு ஆக்சிஜன். மூலக்கூறு எடை 262. இதன் படத்தை வரைந்தால் இரண்டு இடங்கள் கண்ணில் படும். இரண்டிலும் ஒரே அமைப்பு: கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே ஓர் இரட்டைப் பிணைப்பு, அதை ஒட்டியே இரு கார்பன்களுக்கு இடையே இன்னொரு இரட்டைப் பிணைப்பு. ஆக்சிஜன் எலக்ட்ரான்களை இழுக்க, அந்த இழுப்பு வரிசையாகக் கடந்து கடைசிக் கார்பனை வறியதாக்குகிறது. சிஸ்டீனின் கந்தகம் அந்தக் கார்பனோடு பிணைகிறது. வேதியியல் மாணவர்கள் இதை மைக்கேல் சேர்க்கை என்று படித்திருப்பார்கள்.

இந்த முனைதான் காரணம் என்பதற்கு நல்ல சான்று உண்டு. இத்தகைய சேர்மங்களில், லாக்டோன் என்னும் ஆக்சிஜன் கொண்ட வளையத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்த இரட்டைப் பிணைப்பை ஹைட்ரஜன் சேர்த்து ஒற்றைப் பிணைப்பாக்கிவிட்டால், ஒவ்வாமையைத் தூண்டும் திறன் பெரும்பாலும் போய்விடுகிறது. எடையில் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள்தான் கூடின. ஆனால் பற்றும் முனை மறைந்துவிட்டது.

அமைப்பைப் படிக்கத் தெரிந்தால் உடனடிப் பயனும் உண்டு. இதே லாக்டோன் முனை சாமந்தி, சூரியகாந்தி முதலிய அதே குடும்பத்துச் செடிகளின் சேர்மங்களிலும் இருக்கிறது. பார்த்தீனியத்தால் பாதிக்கப்பட்ட ஒருவர் சாமந்திப் பூ தொடுத்தாலும் கை தடிக்கக்கூடும். பூக்கடைக்காரருக்கும் பூ பறிக்கும் பெண்ணுக்கும் இது பிழைப்பைத் தொடும் செய்தி. பார்த்தீனிய மகரந்தத்தால் வரும் தும்மலும் மூக்கொழுகலும் வேறு கதை. பெங்களூரில் 1990களில் ஆராயப்பட்ட அந்த நோய்க்குக் காரணம் மகரந்தத்தின் புரதங்கள். ஒரே செடி, இரண்டு வழிகளில் துன்புறுத்துகிறது.

சேராங்கொட்டை சொல்லும் எச்சரிக்கை

சேராங்கொட்டைச் சாற்றைச் சுண்ணாம்போடு சேர்த்தால் அழியாத கறுப்புக் கறை. சலவைத் தொழிலாளர்கள் யார் வீட்டுத் துணி என்று அடையாளம் இட அதைப் பயன்படுத்திவந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் தங்கியிருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கழுத்தின் பின்புறம், சட்டைக் காலரில் குறி இருந்த அதே இடத்தில், கொப்புளம் கிளம்பியது. 1943இல் லிவிங்குட் முதலிய இராணுவ மருத்துவர்கள் இதை அமெரிக்க மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்தச் சிப்பாய்களின் நாட்டில் பாய்சன் ஐவி என்னும் கொடி உண்டு. அதன் நஞ்சும் சேராங்கொட்டையின் நஞ்சும் ஏறக்குறைய ஒரே அமைப்பு. அங்கே அந்தக் கொடியோடு பழகிய உடல், இங்கே துணிக்குறியை அடையாளம் கண்டுகொள்ளக்கூடும். மாம்பாலும் முந்திரித் தோட்டின் எண்ணெயும் ஜப்பானிய அரக்கு மரத்தின் பாலும் இதே குடும்பம்.

சேராங்கொட்டையின் பிலவனால் மூலக்கூறில் ஒரு பென்சீன் வளையம், அதில் அருகருகே இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள், பதினைந்து கார்பன் நீள வால். இந்தப் படத்தில் எலக்ட்ரான் வறிய முனை எதுவும் இல்லை. லாண்ட்ஸ்டெய்னர் வழியில் மட்டும் பார்த்தால், இது தீங்கற்றது என்று சொல்லிவிடுவோம். உண்மையோ நேர்மாறு. காற்றிலும் தோலுக்குள்ளும் இந்த மூலக்கூறு ஆக்சிஜனேற்றம் அடைந்து குவினோனாக மாறுகிறது. அந்தக் குவினோனில் பார்த்தீனினில் பார்த்த அதே முனை தோன்றுகிறது. நீண்ட வாலோ தோலின் கொழுப்புக்குள் அதை எளிதாக இறக்கிவிடுகிறது.

ஆக, இருக்கும் அமைப்பைப் படித்தால் மட்டும் போதாது. உடலுக்குள் போய் அது என்னவாக மாறும் என்பதையும் படிக்க வேண்டும். தலைச்சாயத்தில் உள்ள பாரா-பினைலீன்டையமீன் இந்த வகைதான். சாயம் பிடிப்பதற்காகவே அது ஆக்சிஜனேற்றம் அடைய வேண்டும். அந்த மாற்றமே ஒவ்வாமையின் வாசலையும் திறக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோலின் மணத்துக்குக் காரணமான லிமோனீன் புதிதாக இருக்கும்போது ஏறக்குறைய சாது. காற்றுப்பட்டு நாள்பட்டால் அதிலிருந்து உருவாகும் பெராக்சைடுகள் வலுவான ஒவ்வாமையூக்கிகள்.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். முந்திரி உடைக்கும் பெண்களின் கையை அரித்துக் கறுக்கவைக்கும் தோட்டு எண்ணெய், முதல் நாளே, தொட்ட எல்லோருக்கும் புண் தரும். அது எரிச்சல் வகை. ஒவ்வாமை அப்படியன்று. முதல் தொடர்பில் உடல் பாடம் கற்கிறது. ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அந்த மூலக்கூறை அடையாளம் காணும் டி-அணுக்கள் பெருகிவிடுகின்றன. அடுத்த முறை தொட்டால், ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் தோல் பொங்குகிறது. அதன்பிறகு அந்த நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தங்கிவிடும். அதனால்தான் முன்கூட்டியே அறிவது இவ்வளவு முக்கியம். ஒருமுறை கற்றதை உடலை மறக்கவைக்க நம்மிடம் நம்பகமான வழி இல்லை.

கணினி எப்படிப் படிக்கிறது

1982இல் யூனிலீவர் ஆய்வாளர்களான டேவிட் ராபர்ட்ஸும் வில்லியம்ஸும் இந்த அறிவைக் கணக்காக மாற்றினார்கள். மூலக்கூறு எவ்வளவு வேகமாக வினைபுரியும், எவ்வளவு எளிதாகக் கொழுப்பில் கரையும், எவ்வளவு அளவு தோலில் பட்டது என்ற மூன்றையும் ஒரே எண்ணாகச் சேர்த்தார்கள். ஒரே வகை வினை புரியும் சேர்மங்களுக்குள் அந்த எண் ஒவ்வாமையின் வலிமையோடு நன்றாகவே ஒத்துப்போனது.

இந்த நிபந்தனை முக்கியமானது. எல்லாச் சேர்மங்களையும் ஒரே கணக்கில் அடைத்தால் கணக்கு சிதறுகிறது. வினையின் வகைப்படி பிரித்தால் ஒழுங்கு தெரிகிறது. 2005 வாக்கில் ஆப்டுலா, பாட்லெவிச், ராபர்ட்ஸ் ஆகியோர் ஐந்து முதன்மை வகைகளை வகுத்தார்கள். குவினோனும் பார்த்தீனினும் சேர்வது மைக்கேல் வகையில். லாண்ட்ஸ்டெய்னரின் குளோரின் சேர்மம் வளையத்தில் இடம்பெயர்க்கும் வகை. ஃபார்மால்டிஹைடு போன்ற ஆல்டிஹைடுகள் லைசினோடு ஷிஃப் காரம் அமைக்கும் வகை. மற்ற இரண்டில் ஒன்று அசைல் தொகுதியைக் கைமாற்றுவது, இன்னொன்று வளையமல்லாத கார்பனில் இடம்பெயர்ப்பது.

1980களில் உருவாகி இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து லாசா அமைப்பில் வளர்ந்த டெரிக் என்னும் மென்பொருள், இத்தகைய முனைகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, கொடுக்கப்பட்ட படத்தில் அவற்றைத் தேடுகிறது. இன்னும் சில நிரல்கள் மூலக்கூறு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் என்னவாகும் என்பதையும் கணித்து, அந்த விளைபொருள்களிலும் தேடுகின்றன. வேறு சில, பழைய சோதனை முடிவுகள் உள்ள நெருங்கிய உறவு மூலக்கூறுகளைக் கண்டுபிடித்து அவற்றிலிருந்து ஊகிக்கின்றன.

இந்தத் துறைக்கு வேகம் கொடுத்தது சட்டம். 2013 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம், விலங்குகளில் சோதித்த அழகுசாதனங்களை விற்க முழுத் தடை விதித்தது. இந்தியா 2014இல் அழகுசாதனங்களுக்கான விலங்குச் சோதனையையும், அவ்வாறு சோதித்தவற்றின் இறக்குமதியையும் தடை செய்தது. கினிப்பன்றியும் சுண்டெலியும் இல்லாமல் விடை வேண்டும். குடுவைச் சோதனை ஒன்று லாண்ட்ஸ்டெய்னரின் யோசனையையே திரும்ப எடுத்துக்கொண்டது: சிஸ்டீன் உள்ள ஒரு சிறு பெப்டைடு, லைசின் உள்ள இன்னொன்று, இரண்டோடும் சோதிக்க வேண்டிய பொருளை 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு பெப்டைடு தீர்ந்துபோனது என்று அளக்கிறார்கள். சராசரி இழப்பு 6.38 விழுக்காட்டைத் தாண்டினால் பொருள் வினைத்திறன் உள்ளது. தோல் அணுக்களின் பதற்றத்தை அளக்கும் சோதனை ஒன்றும், நோயெதிர்ப்பின் காவல் அணுக்கள் விழிப்பதை அளக்கும் சோதனை ஒன்றும் இதோடு சேர்ந்தன. 2021இல் ஓ.இ.சி.டி. என்னும் பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு வெளியிட்ட 497ஆம் வழிகாட்டுதல், இம்மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதையே முடிவாகக் கொள்ள அனுமதிக்கிறது. கணினியின் கணிப்பையும் சோதனையையும் கலந்து முடிவெடுக்கும் வழியும் அதில் உண்டு.

இந்த முறைகள் எதுவும் உலோகத்துக்குச் சரியாகப் பொருந்துவதில்லை. கவரிங் நகையிலும் ஜீன்ஸ் பொத்தானிலும் உள்ள நிக்கல் ஒரு தனி அயனி. பற்றும் முனை என்று அதில் தேட ஒன்றுமில்லை. 2010இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் காட்டியபடி, நிக்கல் மனித அணுக்களின் மேலுள்ள ஓர் ஏற்பியில் நேரடியாக அமர்ந்து அதை முடுக்குகிறது. சுண்டெலியின் அதே ஏற்பியில் அதற்குத் தேவையான ஹிஸ்டிடின்கள் இல்லை. அதனால் அங்கே அந்த முடுக்கம் நடப்பதில்லை. விலங்குச் சோதனையும் மனிதரைப் பற்றி எப்போதும் உண்மை சொல்வதில்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

மஞ்சளுக்கு அடிக்கும் மணி

மஞ்சளின் நிறம் குர்குமினிலிருந்து வருகிறது. அதன் படத்தை வரைந்தால், பார்த்தீனினில் பார்த்த அதே வரிசை இரண்டு பக்கமும் சமச்சீராக அமைந்திருக்கும். முனைகளைத் தேடும் மென்பொருளுக்கு இது அபாயக் குறி. அது முழுப் பொய்யும் அன்று. 1987இல் சிங்கப்பூரில் மஞ்சளால் வந்த தொடுதோலழற்சி பதிவாகியிருக்கிறது. குங்குமம், மஞ்சள் ஒவ்வாமை இந்தியத் தோல் மருத்துவர்களுக்கும் தெரிந்ததே. ஆனாலும் எத்தனை கோடிப் பேர், எத்தனை தலைமுறையாகப் பூசுகிறார்கள் என்பதோடு ஒப்பிட்டால் அது அரிது.

ஏன் இப்படி? முனை இருப்பது முதல் நிபந்தனை மட்டுமே. மூலக்கூறு தோலின் மேலடுக்கைக் கடக்க வேண்டும். போதிய அளவு சேர வேண்டும். புரதத்தைச் சந்திக்கும்வரை சிதையாமல் இருக்க வேண்டும். எடை 500ஐத் தாண்டிய மூலக்கூறுகள் தோலைக் கடப்பது கடினம் என்பது பொதுவான விதி. 368 எடையுள்ள குர்குமின் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் நீரில் மிகக் குறைவாகவே கரையும், எளிதில் சிதையும். மணி அடித்ததற்காக மஞ்சளை நஞ்சு என்று ஒதுக்கினால் அது அறிவியலுக்கு இழுக்கு. மணி அடித்ததையே மறைத்தாலும் இழுக்கு. அமைப்பு தரும் கணிப்பு ஒரு கேள்வியை எழுப்புகிறது. மனித அனுபவமும் அளவும் சேர்ந்துதான் அதற்குப் பதில் தர முடியும். இயற்கையானது என்பதால் பாதுகாப்பு, செயற்கையானது என்பதால் ஆபத்து என்ற நம்பிக்கைக்கும் இங்கே இடமில்லை. பார்த்தீனினும் பிலவனாலும் குர்குமினும் மூன்றுமே செடியில் விளைந்தவை.

மூச்சுக்குழாயின் கணக்கு

இனி நாமக்கல் பட்டறைக்கு வருவோம். பாலியூரிதேன் பெயிண்ட் இரண்டு டப்பாக்களில் வரும். ஒன்றில் நிறம், மற்றதில் ஹார்ட்னர். கலந்து அடித்ததும் இரண்டும் வினைபுரிந்து, வெயிலுக்கும் மழைக்கும் அசையாத பளபளப்பான படலமாகின்றன. பல ஹார்ட்னர்களுக்கு அடிப்படை ஹெக்ஸாமெத்திலீன் டை-ஐசோசயனேட்: ஆறு கார்பன் சங்கிலி, அதன் இரு முனைகளிலும் ஒவ்வோர் ஐசோசயனேட் தொகுதி. மொத்தம் 24 அணுக்கள். இப்போது இதன் மூலக்கூறுகளை இரண்டு மூன்றாக இணைத்துப் பெரிதாக்கி விற்கிறார்கள், ஆவியாவது குறைகிறது. ஆனால் ஸ்பிரே துப்பாக்கியால் தெளிக்கும்போது அது நுண்துளியாக நுரையீரலுக்குள் போய்விடும்.

இரு முனைகள் இருப்பது தற்செயல் அன்று. 1991இல் ரேமண்ட் அஜியஸும் சக ஆய்வாளர்களும் தொழில்வழி ஆஸ்துமா தரும் சிறு மூலக்கூறுகளை வரிசைப்படுத்திப் பார்த்தபோது, பலவற்றில் வினைபுரியும் தொகுதிகள் இரண்டோ அதற்கு மேலோ இருப்பது தெரிந்தது. மருத்துவமனைக் கருவிகளைக் கழுவும் குளூட்டரால்டிஹைடில் இரண்டு ஆல்டிஹைடுகள். பிபரசீனில் இரண்டு அமீன்கள். இரு முனை கொண்ட மூலக்கூறு இரண்டு புரத இடங்களைச் சேர்த்துக் கட்டிவிடும். அந்தக் கட்டுதான் நுரையீரலின் எதிர்ப்பைத் தூண்டிவிடுகிறது என்று கருதுகிறார்கள். 2005இல் மான்செஸ்டரில் ஜார்விஸ், அஜியஸ் முதலியோர் இதை ஒரு கணிப்பு முறையாக வளர்த்தார்கள். படத்தைக் கொடுத்தால் ஆஸ்துமா அபாயத்தைப் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் இடையே ஓர் எண்ணாகத் தரும்.

இன்னொரு தடயமும் கிடைத்திருக்கிறது. தோல் ஒவ்வாமையூக்கிகள் பல சிஸ்டீனை நாட, மூச்சு ஒவ்வாமையூக்கிகள் பெரும்பாலும் லைசினை நாடுகின்றன. லாண்ட்ஸ்டெய்னரின் டைநைட்ரோகுளோரோபென்சீன் தோலுக்கு மிக வலிய தூண்டி. ஆனால் ஆஸ்துமா தருவதாக அறியப்படவில்லை. டிரைமெலிட்டிக் அன்ஹைட்ரைடு லைசினை நாடும், ஆஸ்துமா தரும். இருந்தாலும் தோலுக்கு உள்ளதுபோல் அதிகாரபூர்வமாக ஏற்கப்பட்ட சோதனை மூச்சுக்குழாய்க்கு இன்னும் ஒன்றுகூட இல்லை.

ஐசோசயனேட் என்றதும் போபால் நினைவுக்கு வரும். 1984 டிசம்பர் 2-3 இரவில் கசிந்த மீதைல் ஐசோசயனேட்டில் அந்தத் தொகுதி ஒன்றே ஒன்று. அங்கே நடந்தது பெரும் அளவில் நேரடியாகத் திசுக்களை எரித்த நச்சுப் பேரழிவு, ஒவ்வாமை அன்று. பட்டறையில் நடப்பது வேறு: மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் இரவில் இருமல், நெஞ்சிறுக்கம், இளைப்பு. விடுமுறையில் தேவலை, வேலைக்குத் திரும்பினால் மறுபடி. அந்தக் கட்டத்தில் மிகக் குறைந்த அளவே போதும், மூச்சு திணறும். சீக்கிரம் விலகியவர் தேறக்கூடும். தொடர்ந்து அடித்தவருக்கு ஆஸ்துமா நிலைத்துவிடும்.

திருப்பூர்ச் சாயப்பட்டறைகளிலும் இதே பாடம் இருக்கிறது. பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் பலவற்றில் வினைல் சல்போன் முனை உண்டு. நூலோடு வேதிப்பிணைப்பால் சேர்வதால்தான் சாயம் வெளுப்பதில்லை. அந்தத் திறனே, சாயப் பொடி பறக்கும்போது, மூச்சுக்குழாயின் புரதத்தோடும் சேர வைக்கிறது. துணியில் ஏறிய சாயம் வினை முடித்துவிட்டது. அதை உடுத்துபவருக்கு அந்த ஆபத்து இல்லை. எடை போட்டுக் கரைப்பவருக்குத்தான். நல்ல பெயிண்டும் நல்ல சாயமும் எதனால் நல்லவையோ, அதனாலேயே தொழிலாளிக்குக் கெட்டவையாகின்றன.

தெரிந்தபின் செய்ய வேண்டியவை

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 ஆகஸ்ட் 24 முதல், டை-ஐசோசயனேட் 0.1 விழுக்காட்டுக்கு மேல் உள்ள பொருளைத் தொழிலில் பயன்படுத்துபவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். நம் பட்டறைகளில் கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு தெளிக்கும் இளைஞருக்கு அந்தக் கைக்குட்டை ஐசோசயனேட்டைத் தடுக்காது என்று யாராவது சொல்லியாக வேண்டும். வெளியிலிருந்து தூய காற்று தரும் முகமூடி, கையுறை, தெளிக்க மூடிய அறை, டப்பாவின் மேல் அவருக்குப் புரியும் தமிழில் எச்சரிக்கை: இவை பெரிய செலவுகள் அல்ல, ஒரு மனிதரின் நுரையீரலோடு ஒப்பிடும்போது. இளைப்பென்று வருபவரிடம் மருத்துவர் கேட்க வேண்டிய கேள்வியும் எளியது: என்ன வேலை செய்கிறீர்கள், லீவு நாளில் தேவலையா?

கணிப்பு முறைகளும் நம் கைக்கு எட்டாதவை அல்ல. ஓ.இ.சி.டி. வெளியிடும் கியூ.எஸ்.ஏ.ஆர். டூல்பாக்ஸ் என்னும் மென்பொருள் இலவசம். மூலக்கூறை வரைந்தால் புரதத்தைப் பற்றும் முனைகளைச் சுட்டிக்காட்டும். ராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ வேதியியல் படிக்கும் ஒரு மாணவி தன் மாவட்டத்துப் பட்டறைகளிலும் வயல்களிலும் புழங்கும் பெயிண்ட், பூச்சிமருந்து, சாயம் ஒவ்வொன்றையும் அதில் இட்டுப் பார்க்கலாம். இந்த முறைகள் பெரிதும் வாசனைப் பொருள்களையும் அழகுசாதனங்களையும் வைத்துப் பழக்கப்பட்டவை. நம் காட்டுச் செடிகளும் நம் தொழில்களின் கலவைகளும் அவற்றில் போதிய இடம் பெற வேண்டுமானால், அந்த வேலையை நாமே செய்ய வேண்டும்.

இதில் யாருடைய கடமை முதலாவது என்பதிலும் ஐயமில்லை. ஹார்ட்னரின் மூலக்கூறுப் படம் அதைத் தயாரிக்கும் நிறுவனத்திடம் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. அதன் இரு முனைகளைப் படிக்கும் அறிவியல் 1991லேயே வந்துவிட்டது. ஒரு புதிய பொருள் சந்தைக்கு வருமுன் அந்தப் படத்தைப் படித்து, மணி அடித்தால் சோதித்து, விளைவைத் தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும். தவறினால், அந்தச் சோதனை பெயிண்ட் அடிப்பவரின் நெஞ்சில்தான் நடக்கும். அதற்கு அவர் ஒருபோதும் சம்மதித்ததில்லை.